ஐஸ் குச்சியில் ஒரு சட்டம், பருவத்துக்கு ஒரு காகிதம்: முழுமையான வழிகாட்டி

ஐஸ் குச்சியும் கலர் பேப்பரும் வைத்து வீட்டு அலங்காரம் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது காகிதத்தில்தான். அதில்தானே நிறம் இருக்கிறது! ஒரு முறை எனக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒருவர் அருமையான ஆறு பூக்களைச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் குச்சிகளை ஒட்டிச் சட்டம் செய்தார். ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அளவு. சட்டமோ இரண்டு கை அகலம்கூட இல்லை. மூன்று பூக்கள் வைத்ததும் சட்டமே கண்ணுக்குத் தெரியாமல் போனது. மீதி மூன்றும் மேசையிலேயே கிடந்தன.

அதனால் இந்த வழிகாட்டியில் காகிதம் பாதிக்குப் பிறகுதான் வரும். முதலில் ஒரே ஒரு சட்டம் செய்யப்போகிறோம். ஒன்பது குச்சிகள், அறுகோண வடிவம். அதில் மூன்று பக்கங்களில் மெல்லிய இடுக்கு இருக்கும். வெயில், மழை, இலையுதிர்வு, பனி, பூக்காலம் என்று காகித வேலைகளை மாற்றி மாற்றி அந்த இடுக்கில் செருகிக்கொள்ளலாம். காகிதத்தைச் சட்டத்தோடு ஒட்டவே போவதில்லை. ஒட்டினால் பருவம் முடியும்போது இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

சட்டத்துக்கு ஒரு நாள், காகிதத்துக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள் ஈரப் பசையோடு போராடுவார்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

சாதாரண அளவு ஐஸ் குச்சிகள் இருபது. தேவை ஒன்பதுதான், மீதி ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். இந்தக் குச்சி ஏறக்குறைய 114 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் இருக்கும். இங்கே தரும் அளவுகள் எல்லாம் இதற்கானவை. உங்கள் குச்சி வேறு அளவு என்றால் நான்காம் பகுதியில் அந்த எண்ணை மாற்றி, அதிலிருந்து வரும் மற்ற அளவுகளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பசை இரண்டு வகை வேண்டும். மரத்துக்கு வெள்ளைப் பசை, காகிதத்துக்குக் குச்சிப் பசை (குளூ ஸ்டிக்). வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. மெல்லிய காகிதத்தில் தடவினால் அலை அலையாகச் சுருங்கிவிடும். குச்சிப் பசையில் ஈரம் குறைவு. ஆனால் அது மரத்தைப் பிடித்து நிறுத்தாது. ஒரே பசையில் இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

பசையைச் சூட்டில் உருக்கித் தரும் குளூ கன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பசை ஒரு நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் வசதியாகத் தெரியும். ஆனால் இறுகுவதற்குள் குச்சியை நேராக்க நேரம் கிடைக்காது. போதாததற்கு, சூடு பட்டால் அது திரும்ப இளகும். என் சன்னலில் மாட்டியிருந்த ஒரு சட்டம் ஒரே மதியத்தில் ஆறு துண்டாகக் கீழே கிடந்தது. யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பொறுக்கி எடுத்துப் பார்த்தபோது பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

இவற்றோடு ஏ4 தாள், அட்டை (180 முதல் 250 ஜி.எஸ்.எம். வரை; ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), டிஷ்யூ பேப்பர், காம்பஸ், ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், மெல்லிய உப்புத்தாள், அக்ரிலிக் பெயின்ட், தட்டைத் தூரிகை, துணி கிளிப் ஆறு, கனமான புத்தகம் இரண்டு, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாள் ஒன்று, கெட்டி நூல்.

2. குச்சிகளைப் பொறுக்குதல்

ஒரு பாக்கெட்டில் உள்ள குச்சிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. சில வாழைக்காய் போல வளைந்திருக்கும், சில முறுக்கிக்கொண்டிருக்கும். சமதளமான மேசையில் ஒவ்வொன்றாக வைத்து ஒரு முனையை விரலால் அழுத்துங்கள். மறுமுனை எழும்பினால் அதை ஒதுக்குங்கள். பசை தடவ, நிறம் கலக்க அது உதவும்.

தேறியவற்றைக் கட்டாகச் சேர்த்து மேசையில் செங்குத்தாகத் தட்டி, மேல்முனைகளைப் பாருங்கள். உயரமாகவோ குட்டையாகவோ தெரிபவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தனிக் குச்சியில் தெரியாது. ஆறு பக்கம் சுற்றிவந்து கடைசி மூலையில் சேரும்போதுதான் தெரியும்.

ஒன்பது குச்சிகளின் ஓரங்களையும் உப்புத்தாளால் இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள். சிலாம்பு இருந்தால் டிஷ்யூ பேப்பர் மாட்டிக் கிழியும், உங்கள் விரலும் தப்பாது.

3. ஒட்டுவதற்கு முன்பே வண்ணம்

சட்டம் சேர்ந்த பிறகு வண்ணம் அடித்தால் மூலைகளுக்குள் தூரிகை போகாது, இடுக்கில் பெயின்ட் வழிந்து அடைத்துக்கொள்ளும். இடுக்கு அடைத்தால் இந்தச் சட்டத்தின் வேலையே போயிற்று. ஆகவே தனிக் குச்சிகளாக இருக்கும்போதே அடியுங்கள்.

ஒவ்வொரு குச்சியின் இரு முனைகளிலும் 1.5 செ.மீ. வண்ணமில்லாமல் விடுங்கள். வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கிறது. நடுவில் பெயின்ட் படலம் இருந்தால் பசை அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும், படலம் மரத்தைவிட்டு உரிந்து வரும்.

ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஈரம் ஒரே பக்கம் ஏறினால் குச்சி வளையும். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டவர்களின் குச்சிகள்தான் காய்ந்ததும் படகு போல நிற்கும். இரண்டு பக்கமும் மெல்லிய ஒரு பூச்சு போதும்.

நிறத்தில் என் யோசனை: வெள்ளை, வெளிர் சாம்பல், அல்லது மரத்தின் சொந்த நிறமே. சட்டம் எல்லாப் பருவத்துக்கும் பொது. சிவப்புச் சட்டத்தில் பனிப்பூவை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

4. தாளில் மாதிரிப் படம்

கண்ணளவில் அறுகோணம் ஒட்ட யாராலும் முடியாது. முடியும் என்று சொன்ன எல்லோருடைய சட்டமும் நசுங்கிய உருளைக்கிழங்கு மாதிரிதான் வந்தது. படம் போட இரண்டு நிமிடம்தான்.

குச்சியின் நீளத்தில் 10 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். 114 என்றால் 104. இரு முனையிலும் 5 மி.மீ. உள்ளே தள்ளி மூட்டு வரும் என்பதற்காக இந்தக் கழிவு. காம்பஸை 104 மி.மீ. விரித்து ஏ4 தாளின் நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் அகலம் 208, தாளின் அகலம் 210. சரியாக அடங்கும்.

காம்பஸை மாற்றாமல், வட்டத்தின் மேல் ஒரு புள்ளியில் ஊன்றி அடுத்த புள்ளியை வெட்டுங்கள். அங்கே ஊன்றி அடுத்தது. ஆறாவது வெட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். அறுகோணத்தின் பக்கமும் வட்டத்தின் ஆரமும் ஒரே அளவு என்பதால் இப்படி நடக்கிறது. சேரவில்லை என்றால் காம்பஸ் வழியில் நழுவியிருக்கிறது, திரும்பப் போடுங்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, பக்கங்களுக்கு 1 முதல் 6 வரை எண் எழுதுங்கள்.

படத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். இதை மறந்தால் சட்டம் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மறப்பவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

எல்லாக் குச்சிகளிலும் முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி, அகலத்தின் நடுவில் பென்சிலால் சின்னப் புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளி படத்தின் மூலைப்புள்ளிக்கு நேர்மேலே உட்கார வேண்டும்.

5. மூன்று அடுக்காக ஒட்டுதல்

இதுதான் முக்கியமான இடம். மெதுவாகப் போவோம்.

புதிதாகச் செய்பவர்கள் முதல் குச்சியை வைத்து, அதன் முனைமேல் இரண்டாவது, அதன் முனைமேல் மூன்றாவது என்று படிக்கட்டு போல ஏறிக்கொண்டே போவார்கள். ஆறாவது குச்சி வரும்போது அது முதல் குச்சியைவிட வெகு உயரத்தில் நிற்கும். அதை அழுத்திக் கீழே இறக்கி ஒட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சுவரில் ஒரு மூலை எப்போதும் தூக்கியே நிற்கும்.

நாம் ஒன்றுவிட்டு ஒன்று வைக்கப்போகிறோம். 1, 3, 5 ஆகிய பக்கங்களில் மூன்று குச்சிகளைப் பசையில்லாமல் படுக்க வையுங்கள். இது அடி அடுக்கு. இவை ஒன்றையொன்று தொடாது.

இந்த மூன்றின் ஆறு முனைகளிலும் பச்சைப்பயறு அளவு பசை வையுங்கள். அதற்குமேல் வைத்தால் அழுத்தும்போது இடுக்குப் பக்கம் பிதுங்கும். இப்போது 2, 4, 6 பக்கங்களில் அடுத்த மூன்று குச்சிகளை வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு அடிக் குச்சிகளுக்குப் பாலம் போல உட்காரும். எல்லாம் ஒரே உயரம், முறுக்கல் கிடையாது.

பசை ஈரமாக இருக்கும் முதல் சில நிமிடங்களில் ஒரு சோதனை. எதிரெதிர் மூலைகளை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மொத்தம் மூன்று அளவுகள். மூன்றும் 208 மி.மீ. அருகில், ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது; நீளமான மூலைகளை இரு கையாலும் லேசாக உள்ளே தள்ளுங்கள். படத்தின் புள்ளிகளைப் பார்த்தாலே போதாதா என்றால், குச்சி படத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அளவு பொய் சொல்லாது.

அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு மேலடுக்கு. 2, 4, 6 குச்சிகளின் முனைகள்மேல் பசை வைத்து, 1, 3, 5 பக்கங்களில் கடைசி மூன்று குச்சிகளை, அடிக் குச்சிக்கு நேராகப் படுக்க வையுங்கள்.

இப்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். 1, 3, 5 பக்கங்களில் மேல் குச்சிக்கும் அடிக் குச்சிக்கும் நடுவே, ஒரு குச்சித் தடிமன் அளவுக்கு, அதாவது 2 மி.மீ., வெளிச்சம் தெரியும். அதுதான் நமக்கு வேண்டிய இடுக்கு. மூலைகளில் நடு அடுக்கின் முனைகள் நுழைந்திருப்பதால், பயன்படுகிற நீளம் ஏறக்குறைய 8 செ.மீ.

மூன்றாம் அடுக்கால் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு அடுக்கோடு நிறுத்தினால் ஒவ்வொரு மூட்டும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். சட்டத்தைப் பிடித்து அசைத்தால் மூட்டு கீல் போலத் திரும்பப் பார்க்கும். நடுக் குச்சியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால் அந்த ஆட்டம் நின்றுவிடும்.

6. காயவிடுதல்

ஆறு மூலைகளிலும் துணி கிளிப் மாட்டுங்கள். கிளிப் இடுக்குப் பகுதியைக் கடிக்கக் கூடாது, மூலையை மட்டும். இடுக்கின்மேல் மாட்டினால் மேல் குச்சி உள்ளே வளைந்து அப்படியே நின்றுவிடும்.

பத்து நிமிடம் கழித்து, ஒதுக்கிய ஒரு குச்சியின் முனையால் பிதுங்கிய பசையை வழித்தெடுங்கள். அந்த நேரத்தில் பசை தயிர் போல வழிந்து வரும். காய்ந்த பிறகு உளிதான் வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் சட்டம் கையில் எடுக்கும் அளவுக்குப் பிடித்துவிடும். ஆனாலும் முழு வலு வர 24 மணி நேரம் விடுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும். கிளிப்பைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கி, அழகு பார்த்து, ஒரு மூலையை விட்டுவிடுவார்கள். வெயிலிலோ ஃபேனுக்கு நேராகவோ வைத்து விரட்டவும் வேண்டாம். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து குச்சி வளையும்.

மறுநாள் முனைகளில் விட்ட வெற்றிடத்துக்குச் சின்னத் தூரிகையால் வண்ணம் தொட்டுவிடுங்கள்.

7. நூல்

ஒரே மூலையில் நூல் கட்டித் தொங்கவிட்டால் சட்டம் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், பாதி நேரம் முதுகைக் காட்டும். ஒரு பக்கம் மேலே கிடையாக வரும்படி பிடித்து, அந்தப் பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் கட்டி, நூலை நடுவில் ஆணியில் மாட்டுங்கள்.

முடிச்சை மூலைக்கு உட்புறமாக, நடு அடுக்கின் குச்சியைச் சுற்றிப் போடுங்கள். இடுக்கை நூல் அடைக்காது, முடிச்சு நழுவவும் வழியில்லை.

சட்டத்தைத் திருப்பிக் கட்டினால் இடுக்குகளின் இடமும் மாறும். இடுக்குள்ள பக்கம் மேலே இருந்தால் மற்ற இரண்டு இடுக்குகள் கீழே சாய்வாக வரும். இடுக்கில்லாத பக்கம் மேலே இருந்தால் ஒரு இடுக்கு அடியில் கிடையாக வரும், மற்ற இரண்டு மேலே சாய்வாக இருக்கும். தொங்கும் பொருளுக்கு முதல் நிலை, அடியில் குவியும் பொருளுக்கு இரண்டாவது நிலை.

8. காகிதத்தை வெட்டும் முன்: நார் ஓடும் திசை

ஒரே காகிதம், ஒரே கை, ஆனால் ஒருவரின் மடிப்பு கத்தி போலவும் இன்னொருவருடையது பிசிறியும் வருவதற்குக் காரணம் நார். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து வெள்ளையாகப் பிளக்கும். அட்டையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

கண்டுபிடிக்க, தாளை மடிக்காமல் இரு ஓரமும் சேருமாறு லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு தொண்ணூறு டிகிரி திருப்பி அதேபோல. எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு போகிற திசைதான் நாரின் திசை. ஏ4 தாள்களில் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அப்படியானால் கொசுவம் வைக்கும் பட்டைகளையும் சுருட்டும் பட்டைகளையும் தாளின் குறுக்குவாக்கில், 21 செ.மீ. நீளமாக வெட்ட வேண்டும். பட்டை நீளமாகக் கிடைக்கிறதே என்று 29.7 செ.மீ. வாக்கில் வெட்டுவதுதான் வழக்கமான தவறு.

9. செருகு நாக்கு

காகித வேலை எதுவானாலும் அதன் முதுகில் இந்த நாக்கு ஒட்டப்படும். அட்டையில் 2 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. முதல் 2 செ.மீ. பொருளின் முதுகில் ஒட்டுவதற்கு. மீதி 2 செ.மீ.-ஐப் பாதியாக மடித்து, விரல் எடுங்கள். அட்டை தானாகச் சற்று விரியும். மடித்த முனையை இடுக்குக்குள் தள்ளினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வந்துவிடும்.

சாதாரணத் தாளில் நாக்கு செய்தால் விரியும் வலு இருக்காது, நழுவி விழும். தளர்வாக இருந்தால் இன்னொரு மடிப்பு சேருங்கள். பாரம் பற்றிக் கவலை வேண்டாம்: 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடையே 5 கிராம்தான்.

10. வெயில்: கொசுவச் சூரியன்

மஞ்சள் தாளைக் குறுக்குவாக்கில் 5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, மூன்று பட்டைகளை எடுங்கள். முனைகளை ஒரு செ.மீ. ஏற்றி ஒட்டினால் 61 செ.மீ. நீளப் பட்டை கிடைக்கும்.

இந்த நீளம் ஏன்? பட்டையின் அகலம் சூரியனின் ஆரம் ஆகிறது. 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 31 செ.மீ. சொச்சம். கொசுவம் மடிந்தே நிற்க அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். சுருக்கமாக, அகலத்தைப் போல் 12 மடங்கு நீளம். ஒரே ஒரு பட்டையில் முயல்பவர்களுக்கு வட்டம் மூடவே மூடாது. இழுத்து மூடினால் கிண்ணம் போலக் குழிந்து, கையை எடுத்ததும் படக்கென்று விரியும். அவர்கள் பசையைக் குறை சொல்வார்கள். குறை நீளத்தில் இருக்கிறது.

ஒரு செ.மீ. இடைவெளியில் பென்சிலால் குறித்து, ஸ்கேல் வைத்து மழுங்கிய முனையால் ஒவ்வொரு கோட்டையும் கீறிக்கொள்ளுங்கள். பிறகு புடவைக்குக் கொசுவம் வைப்பது போல முன்னும் பின்னுமாக மடியுங்கள். கீறாமல் மடித்தால் முதல் பத்து மடிப்பு சரியாக இருக்கும்; அப்புறம் ஒவ்வொன்றும் ஒரு நூல் சாய்ந்து, கடைசியில் பட்டை விசிறி போலக் கோணலாக நிற்கும்.

இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்குங்கள். அது மேசையில் கிரீடம் போல நிற்கும். மேல் ஓரத்தை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளி, நடுவை அழுத்தினால் தட்டையாகப் படுக்கும். பின்னால் 3 செ.மீ. வட்ட அட்டையில் வெள்ளைப் பசை தடவி வைத்து, புத்தகம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் கை வலிக்கும், சூரியன் எழுந்துவிடும்.

சூரியனின் அகலம் 10 செ.மீ.; சட்டத்தின் உள் அகலம் பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 17 செ.மீ. ஆக மூன்று இடுக்குக்கும் சூரியனுக்கும் நடுவே 3.5 செ.மீ. காலி. அதே மஞ்சள் நிறமுள்ள அட்டையில் 7.5 செ.மீ. நீளத்துக்கு மூன்று நாக்குகள் வெட்டுங்கள்: ஒட்ட 2, காலி இடத்துக்கு 3.5, மடிக்க 2. பார்ப்பவர்களுக்கு அவை கதிர்களாகத் தெரியும்.

11. பனி: ஆறு கைப் பனிப்பூ

பனித்துகளுக்கு ஆறு கைகள். தாளைப் பாதி, பாதி, பாதி என்று மடித்து வெட்டினால் நான்கோ எட்டோதான் வரும். அழகாக இருந்தாலும், நம் சட்டத்தின் ஆறு மூலைகளோடு ஒத்துப்போகாமல் உறுத்தும்.

15 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் நீளமான ஓரத்தின் நடுவைக் கிள்ளிக் குறியுங்கள். அந்த நடுப்புள்ளியிலிருந்து வலது பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு இடப்புறமாக மடியுங்கள், இடது பக்கத்தை அதன்மேல் மடியுங்கள். இரண்டு ஓரமும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். 60 டிகிரிக்கு ஒரு அட்டை முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டு அதை ஒட்டி மடித்தால் ஊகம் தேவையில்லை. கடைசியாக இன்னொரு முறை பாதியாக மடியுங்கள்.

இப்போது கையில் இருப்பது 12 அடுக்கு. 80 ஜி.எஸ்.எம். தாளிலேயே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வந்துவிடும். கெட்டிக் கலர் பேப்பரை எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: கத்தரிக்கோல் அடுக்குகளைத் தள்ளிக்கொண்டு போகும், மேல் அடுக்கின் வெட்டும் அடி அடுக்கின் வெட்டும் வேறாக வரும். இதற்கு எவ்வளவு மெல்லிய தாளோ அவ்வளவு நல்லது.

முதலில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்களைச் சாய்வாக வெட்டி எறியுங்கள். பிறகு இரண்டு ஓர மடிப்புகளிலும் சின்னச் சின்ன முக்கோணங்கள். கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் ஓரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் விரிக்கும்போது நடுப்பகுதி தனியாகவும் வெளிப்பகுதி தனியாகவும் கையில் வரும்.

விரித்து, ஒரு இரவு புத்தகத்துக்குள் வையுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று கைகளின் முனையில் ஊசியால் துளையிட்டு, நூலை நாக்கில் கோத்து இடுக்குகளில் செருகினால் நடுவில் மிதப்பது போல நிற்கும்.

12. மழை, இலை, பூ

இவை சுலபம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு 1.5 செ.மீ. அகலத்தில் 20, 16, 12 செ.மீ. நீளப் பட்டைகள் மூன்று. எல்லா முனைகளையும் மேலே ஒரே மட்டத்தில் சேர்த்து, நடுவில் நூலை வைத்து ஒட்டினால் துளிக்குள் துளி. நூலை நடுவில் வைக்காமல் வெளியே ஒட்டினால் துளி சாய்ந்து தொங்கும். இப்படி மூன்று துளிகள் செய்து, மூன்று உயரத்தில், 6 செ.மீ. அகலமான ஒரே நாக்கில் கோத்து மேல் இடுக்கில் செருகுங்கள். மூன்று தனி நாக்குகள் வைத்தால் ஒன்றோடொன்று சிக்கும்.

இலைக்குத் தாளைப் பாதியாக மடித்து, மடிப்பின் பக்கம் அரை இலை வரைந்து வெட்டுங்கள். விரிக்காமலே, மடிப்புக்குச் சாய்வாக 7 மி.மீ. கொசுவம் வைத்துக்கொண்டே போங்கள். விரித்தால் நடுநரம்பும் கிளை நரம்பும் தானாக வந்திருக்கும். எல்லா இலையையும் ஒரே நிறத்தில் செய்யாதீர்கள். மூன்று பழுப்பு, இரண்டு ஆரஞ்சு, ஒரு மங்கிய பச்சை என்று கலந்தால்தான் உதிர்ந்த இலைபோல இருக்கும்.

பூவுக்கு டிஷ்யூ பேப்பர், 12 செ.மீ. சதுரம், ஆறு அடுக்கு. 1.5 செ.மீ. கொசுவம் வைத்து, நடுவில் நூலால் கட்டி, இரு முனைகளையும் வளைவாக வெட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு அடுக்காக மேலே எழுப்ப வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும். விரலை அடுக்குக்குள் நுழைத்து, கட்டுக்கு அருகிலிருந்து எழுப்புங்கள். ஒரு பூ 12 செ.மீ. அகலம் வரும், அடி இடுக்கில் ஒன்று, பக்கத்தில் பாதி அளவில் இரண்டு. அதற்குமேல் வேண்டாம்.

13. மாட்டும் இடமும் எடுத்துவைப்பதும்

நேர் வெயில் படும் இடத்தில் கலர் பேப்பர் வெளுக்கும். அதிலும் சிவப்பும் ஊதாவும் முதலில் போகும். குளியலறைச் சுவரும் சமையலறை ஆவியும் கொசுவத்தைத் தொய்ய வைக்கும். மெழுகுவர்த்தி, விளக்கு, அடுப்பு எதற்கும் பக்கத்தில் இது வேண்டாம். முழுக்கக் காகிதமும் உலர்ந்த மரமும். வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. சரம் போதும்.

பருவம் மாறும்போது நாக்கைப் பிடித்து இழுங்கள், காகிதத்தைப் பிடித்து அல்ல. பனிப்பூவையும் இலைகளையும் புத்தகத்துக்குள் தட்டையாக வைக்கலாம். சூரியனையும் பூவையும் அப்படி நசுக்கக் கூடாது. ஆழமுள்ள டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுக்க வையுங்கள். துளிகளின் நூலை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி வைக்காவிட்டால் அடுத்த மழைக்குச் சிக்கெடுக்கவே ஒரு மாலை போகும். டப்பாவின் மேல் பருவத்தின் பெயரையும், அதற்குச் சட்டத்தின் எந்தப் பக்கம் மேலே வரும் என்பதையும் எழுதிவிடுங்கள்.